தலைசுற்றும் கழுத்தின் மேல் விழும் பழியும்

அறுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் உடம்பில் வந்து நிற்கும். காரைக்குடியானாலும் தேவகோட்டையானாலும் பள்ளத்தூரானாலும் இதுதான் நடப்பு. சர்க்கரை, முட்டி வலி, அதற்கடுத்து தலைசுற்று. "கழுத்தெலும்பு தேஞ்சிருக்காம், அதான் கிறுகிறுன்னு வருதாம்" என்று ஒருவர் ஆரம்பித்தால், "எனக்கும் அதே கதைதான்" என்று அடுத்தவர் தன் எக்ஸ்ரே கவரைத் தேடப் போவார். எப்போதோ வாங்கிய கழுத்துப் பட்டை ஒன்று பீரோவின் மூலையில் கிடக்காத வீடு குறைவு.

இந்தக் காரணம் எவ்வளவு சீக்கிரம் சொல்லப்படுகிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். தலை சுற்றுகிறது என்று போனால், கழுத்தை ஒரு படம் எடுத்து, "தேய்மானம்" என்று எழுதி, பட்டையும் மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுகிற வழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. கழுத்தால் தலைசுற்று வருமா என்றால், வரலாம். ஆனால் அதை எக்ஸ்ரேயில் கண்டுபிடிக்க முடியாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளிய பிறகு மிஞ்சி நிற்பது அது. இன்னொரு பக்கம், கழுத்து உண்மையாகவே நடையைக் கெடுத்து ஆளைக் கீழே தள்ளுகிற ஒரு நோய் இருக்கிறது. அதில் பெரும்பாலும் தலை சுற்றாது. கழுத்தும் பல பேருக்கு வலிக்காது. அதனால் அங்கே கழுத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வேண்டாத இடத்தில் பழி போட்டு, வேண்டிய இடத்தில் கோட்டை விடுகிறோம்.

கழுத்துக்கும் நிலைதடுமாறுவதற்கும் என்ன தொடர்பு என்பதை முதலில் பார்த்துவிடலாம். நாம் நிற்கிறோமா, சாய்கிறோமா, திரும்புகிறோமா என்று மூளை மூன்று இடங்களிலிருந்து சேதி வாங்குகிறது. ஒன்று கண். இரண்டாவது உட்காதில் இருக்கும் அரைவட்டக் குழல்களும் அவற்றின் அருகே உள்ள சிறு பைகளும். மூன்றாவது தசைகளும் மூட்டுகளும்: பாதம், முழங்கால், குறிப்பாகக் கழுத்து. மண்டை ஓட்டின் அடியில், பிடரிக்குள், முதல் இரண்டு கழுத்தெலும்புகளை ஒட்டிக் குட்டிக் குட்டித் தசைகள் உள்ளன. இழுவையை உணரும் நுண்ணுறுப்புகள் உடம்பிலேயே மிக நெருக்கமாக அமைந்திருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. உடலுக்கு மேல் தலை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைத்தண்டுக்குச் சொல்வது இவைதான். கணக்கில் கெட்டிக்காரர்களான நகரத்தார் ஊரில் இதைச் சொல்வது எளிது: மூன்று ஏடுகளிலும் ஒரே தொகை விழ வேண்டும், ஒன்றில் இடித்தால் மொத்தக் கணக்கும் நிற்காது. அந்த இடிப்பைத்தான் நாம் கிறுகிறுப்பாக, மிதப்பாக, தள்ளாட்டமாக உணர்கிறோம்.

இது வெறும் ஊகமும் அல்ல. 1955-இல் ரையன், கோப் என்ற இரு மருத்துவர்கள் 'கழுத்துவழித் தலைசுற்று' என்ற பெயரை மருத்துவ இதழில் ஏற்றினார்கள். 1977-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் விலங்குகளுக்கும் சில மனிதர்களுக்கும் மேல்கழுத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் தடுமாறினார்கள், ஊசி போட்ட பக்கமாக இழுப்பதுபோல் உணர்ந்தார்கள். ஆனால் விலங்குகளிடம் கண்ட கண் ஆட்டம் மனிதர்களிடம் வரவில்லை. ஆக, கழுத்துச் சேதி கெட்டால் நிலை தடுமாறும் என்பது உண்மை. உலகமே ராட்டினமாகச் சுழலுமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. தலைசுற்று நோய்களுக்கு உலக அளவில் இலக்கணம் வகுக்கும் பாரானி சங்கம் 2022-இல் ஒரு நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டது. சுழலும் உணர்வைக் கழுத்துக் கோளாறே உண்டாக்குகிறது என்று சொல்வதற்கு இப்போதிருக்கும் சான்று போதாது என்பது அதன் சாரம். பிசியோதெரபி துறையில் பலர் இதை ஏற்பதில்லை. கழுத்துக்குப் பயிற்சி கொடுத்தால் தேறுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோமே என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு: இதை உறுதி செய்யும் ஒற்றைப் பரிசோதனை எதுவும் கிடையாது.

எக்ஸ்ரே என்ன சொல்லும், என்ன சொல்லாது

தேய்மானம் என்ற சொல்லுக்கு நம்மிடம் அளவுக்கு மீறிய பயம் இருக்கிறது. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அவர்களில் 87.6 விழுக்காட்டினருக்குக் கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பெரும்பான்மையோருக்கு அப்படித்தான். அதாவது காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் நிற்கிற யாரைப் பிடித்துப் படம் எடுத்தாலும் ஏதாவது ஒரு "மாற்றம்" தெரியும். தலைசுற்றும் ஒருவருக்கு அது தெரிந்துவிட்டதால் அதுவே காரணம் என்று சொல்வது, நரை முடி இருப்பதால் சர்க்கரை வந்தது என்று சொல்வதற்கு அதிக தூரம் இல்லை.

"எலும்பு வளர்ந்து ரத்தக்குழாயை அழுத்துது, அதான் மூளைக்கு ரத்தம் போகல" என்ற விளக்கமும் பரவலாகச் சொல்லப்படுகிறது. கழுத்தெலும்புகளின் ஓரத் துளைகள் வழியாக ஆறாவது எலும்பு தொடங்கி மேலே ஏறும் தமனிகள் இரண்டு இருப்பது உண்மைதான். தலையை ஒரு பக்கம் திருப்பும்போது ஒன்று நசுங்கி மூளைத்தண்டுக்கு ரத்தம் குறைகிற நோயும் இருக்கிறது. வில்லை இழுத்துக் குறிபார்க்கும்போது தலை திரும்பும் விதத்தை வைத்து 'வில்லாளி நோய்' என்றே அதற்குப் பெயர். ஆனால் அது மிக அரிது. இரண்டு தமனிகளும் மேலே போய் ஒன்றாகச் சேர்வதால் ஒன்று சற்று நெரிந்தாலும் மற்றது ஈடுகட்டிவிடும். தெருவுக்கு இரண்டு பேருக்கு இந்த நோய் என்றால் எங்கோ கணக்குத் தப்பு.

எப்படிச் சுற்றுகிறது என்பதைவிட எப்போது, எவ்வளவு நேரம்

கிறுகிறுப்பு, மயக்கம், கண் இருட்டு, தள்ளுது, பித்தம் என்று நாம் சொல்லும் சொற்களை வைத்து நோயைப் பிரித்துவிடலாம் என்றுதான் முன்பு மருத்துவக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு பார்த்தால் ஒரே ஆளிடம் பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் வேறு சொல் சொல்கிறார். அதனால் இப்போது கேள்வி மாறியிருக்கிறது. வந்தால் எத்தனை நேரம் நிற்கிறது? எது செய்தால் வருகிறது? சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வருகிறதா? இந்த மூன்றுக்கும் வரும் பதில் எக்ஸ்ரேயைவிட அதிகம் சொல்லும்.

"ஆச்சி, படுக்கையில புரண்டா சுத்துதா? மச்சுல இருக்கற அண்டாவ அண்ணாந்து பாத்தா சுத்துதா? எவ்வளவு நேரம்?" என்று கேட்கும் டாக்டர் சரியான இடத்தில் தொடங்குகிறார். "ஆமாப்பா, புரண்டாப் போதும், வீடே சுத்துது. கண்ண மூடிக்கிட்டுக் கொஞ்ச நேரம் கெடந்தா நின்னுரும்" என்று பதில் வந்தால், பெரும்பாலும் அது காதுதான். உட்காதின் சிறு பையில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒட்டியிருக்கின்றன. வயதாலோ தலையில் அடிபட்டோ அவற்றில் சில கழன்று அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடும். பெரும்பாலும் பின்பக்கக் குழலில். தலையின் கோணம் மாறும்போதெல்லாம் அவை உள்ளே உருண்டு, இல்லாத சுழற்சியை இருப்பதாகச் சொல்லும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மருத்துவர்கள் பி.பி.பி.வி. என்பார்கள். தலைசுற்று நோய்களிலேயே மிகச் சாதாரணமானவற்றில் ஒன்று இது.

ஏன் இது கழுத்தாகத் தோன்றுகிறது என்றால், அண்ணாந்தாலும் குனிந்தாலும் புரண்டாலும் அசைவது கழுத்து. நோயாளிக்குத் தெரிவது கழுத்து திரும்பியது மட்டும்தான்; காதும் கூடவே திரும்பியது தெரியாது. சுற்று வந்துவிடுமோ என்று பயந்து தலையை அசைக்காமல் விறைப்பாக வைத்துக்கொண்டே நாலு நாள் திரிந்தால் பிடரி இறுகி வலி எடுக்கும். அப்புறம் என்ன, கழுத்து வலி இருக்கிறது, தலைசுற்றும் இருக்கிறது, ஆகக் கழுத்தேதான் என்று ஆகிவிடும். வலி பின்னால் வந்ததை யாரும் கேட்பதில்லை.

இதைச் சோதிக்க ஒரு கட்டில் போதும். 1952-இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விவரித்த முறை. நோயாளியை உட்காரவைத்துத் தலையை 45 பாகை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைக் கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கவிட வேண்டும். கண்ணைத் திறந்தே வைத்திருக்கச் சொல்ல வேண்டும். சில வினாடி தாமதித்துக் கருவிழி மேல்நோக்கியும் சுழன்றும் துள்ள ஆரம்பித்து, ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்தால் விடை கிடைத்துவிட்டது. கழுத்து விறைத்தவர்களுக்குப் பக்கவாட்டில் சாய்த்து இதையே செய்யும் வழியும் உண்டு. உறுதியானால் எப்ளி என்ற மருத்துவர் 1992-இல் வெளியிட்ட முறைப்படி தலையை நாலு நிலைகளில் வரிசையாகத் திருப்பிப் படிகங்களை வந்த இடத்துக்கே அனுப்பிவிடலாம். சில நிமிட வேலை, மாத்திரை வேண்டியதில்லை.

பட்டை போட்டேன், சரியாகிவிட்டது என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. கழுத்துப் பட்டை தலையை அசையவிடாது, அசையாவிட்டால் படிகம் உருளாது, உருளாவிட்டால் சுற்றாது. அதோடு இந்த நோய் பல பேருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும் குணமுள்ளது. புகழ் பட்டைக்குப் போகிறது.

படுக்கையை விட்டு எழுந்ததும், திண்ணையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்றால் அது வேறு வழக்கு. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்து, நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் காரணம் அங்கே இருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரை, நெடுநாள் சர்க்கரை எல்லாம் இதைச் செய்யும். ரத்த அழுத்தக் கருவியை வைத்து இரண்டு தடவை அளக்கும் வேலைதான். ஆனாலும் நிற்கவைத்துப் பார்க்கும் இடங்கள் குறைவாகவே இருக்கின்றன.

மைக்ரேன் இன்னொரு பெரிய ஏமாற்றுக்காரன். ஒற்றைத் தலைவலியோடு வரும் தலைசுற்று ஐந்து நிமிடத்திலிருந்து மூன்று நாள்வரை நீளலாம். தலைவலி இல்லாமலும் சுற்று மட்டும் வரலாம். வெளிச்சமும் சத்தமும் ஆகாது. கல்யாண வீட்டில் நாதசுரமும் ஜெனரேட்டரும் தூக்கமின்மையும் சேர்ந்தால் மறுநாள் படுத்துவிடுவார்களே, அவர்களில் சிலர் இந்த வகை. மைக்ரேன் வருவதற்கு முன்னாலேயே பிடரி இறுகுவது மிகச் சாதாரணம். அது மைக்ரேனின் அறிகுறி, காரணம் அல்ல. நடுவயதுப் பெண்கள் "கழுத்து நோய்" என்று வருடக்கணக்கில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால், மைக்ரேனா என்று ஒருமுறை யாராவது கேட்டிருக்கிறார்களா என்று நான் முதலில் விசாரிப்பேன். முதல் தடவை பலமாகச் சுற்றிய பிறகு அந்தப் பயமே தங்கிப்போய் மூன்று மாதத்துக்கு மேல் மிதப்பாகவே இருக்கிற ஒரு நிலையும் இருக்கிறது. அதற்குத் தனிப் பயிற்சி உண்டு.

கழுத்தேதான் என்று எப்போது சொல்லலாம்

இவ்வளவையும் தள்ளிய பிறகு மிஞ்சுகிறவர்கள் ஒரு சாயலில் இருப்பார்கள். ராட்டினமாய்ச் சுழலாது, மிதப்பாக, கால் பாவாததுபோல் இருக்கும். கழுத்து வலி முன்னால் வந்திருக்கும், அல்லது இரண்டும் சேர்ந்தே வந்திருக்கும். கழுத்து வலி கூடினால் மிதப்பும் கூடும், குறைந்தால் குறையும். சில நிமிடத்திலிருந்து சில மணி நேரம்வரை நிற்கும். காது இரைச்சல், கேட்கும் திறன் குறைவு எதுவும் இராது. திருச்சி - ராமேசுவரம் சாலையில் பின்னால் வந்த வண்டி இடித்துத் தலை முன்னும் பின்னும் வெட்டி இழுத்தவர்கள் இதில் முக்கியமானவர்கள். அதற்கடுத்து நாள் முழுக்கத் தலைகுனிந்து வேலை செய்து, தீராத கழுத்து வலியோடு இருப்பவர்கள். செட்டிநாட்டில் அப்படிப்பட்ட வேலைக்குப் பஞ்சமில்லை. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யக் கண்ணாடிப் பலகையின்மேல் அச்சை வைத்துச் சிந்தாமல் வண்ணம் ஊற்றுகிறவர், தறியில் கண்டாங்கிச் சேலை நெய்கிறவர், தேக்கு நிலையில் உளி பிடித்துப் பூ எடுக்கும் ஆசாரி, எல்லோருக்கும் பார்வை கீழேயே இருக்கும். பழைய வீடுகளின் மேற்கூரை ஓவியங்களைப் பழுதுபார்க்கிறவருக்கு நேர்மாறாக நாளெல்லாம் அண்ணாந்த கழுத்து.

இவர்களிடம் கழுத்தைக் காதிலிருந்து பிரித்துப் பார்க்க ஓர் எளிய தந்திரம் உள்ளது. சுழலும் நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடச்சொல்லி, ஒருவர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். நோயாளி காலால் உந்தி உடம்பை மட்டும் பக்கவாட்டில் திருப்பி அப்படியே அரை நிமிடம் நிறுத்த வேண்டும். இப்போது கழுத்து முறுக்கியிருக்கிறது. காதுக்கோ எதுவும் நடக்கவில்லை. அடுத்து தலையும் உடம்பும் சேர்ந்தே திரும்ப வேண்டும். இப்போது காது அசைகிறது, கழுத்து அசையவில்லை. முதல் சுற்றில் மிதப்பு வந்து இரண்டாவதில் வராவிட்டால் சந்தேகம் கழுத்தின் பக்கம் சாயும். சாயும் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் எந்த நோயும் இல்லாத சிலருக்கும் முதல் சுற்றில் ஒரு மாதிரி இருப்பது உண்டு.

எனக்குப் பிடித்த சோதனை இன்னொன்று. தலையில் ஒரு சின்ன லேசர் விளக்கைக் கட்டி, சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி உட்காரவைப்பார்கள். ஒளிப்புள்ளி விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல்வார்கள். கழுத்தின் உணர்வு சரியாக இருந்தால் புள்ளி பழைய குறிக்குப் பக்கத்திலேயே வந்து விழும். பலமுறை செய்து பார்த்து, சராசரி விலகல் 4.5 பாகைக்கு மேல், அதாவது சுவரில் சுமார் 7 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கழுத்து தன் இருப்பைத் தப்பாகச் சொல்கிறது என்று பொருள். செலவு ஒரு லேசர் விளக்கும் ஒரு தாளும். இதே கருவியை வைத்து வீட்டில் பயிற்சியும் செய்யலாம், முன்னேற்றத்தையும் அளக்கலாம்.

தலை சுற்றாத கழுத்து நோய்

இனி, யாரும் சந்தேகப்படாத இடம். கழுத்தெலும்புகளுக்கு நடுவே ஓடும் தண்டுவடத்தை, பிதுங்கிய வட்டோ தடித்துப்போன நாரோ மெல்ல மெல்ல நெரிக்கும் நோய். தமிழில் தண்டுவட நெரிப்பு என்று சொல்லலாம். மருத்துவர்கள் மையலோபதி என்பார்கள். இங்கே கெடுவது காது கொடுக்கும் சேதி அல்ல. கால்களிலிருந்து மேலே வரும் சேதியும் மூளையிலிருந்து கீழே போகும் கட்டளையும் வழியில் மாட்டிக்கொள்கின்றன.

"தலை சுத்தலப்பா, கால்தான் நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்று ஐயா ஒருவர் சொன்னால் காதில் வாங்க வேண்டும். கால் விறைத்து, அகட்டி வைத்து நடப்பார். இருட்டில் அதிகம் தடுமாறுவார். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் சாய்வார். கையிலும் தெரியும்: சட்டைப் பித்தான் போட நேரமாகும், கையெழுத்து கோணும், சில்லறை நழுவும். ஆச்சிமார் என்றால் புடவைக் கொசுவம் நிற்காது, பூத் தொடுக்க விரல் வளையாது, கோலமாவு இழை அறுந்து அறுந்து விழும். குனிந்தால் முதுகுத்தண்டில் ஷாக் அடித்ததுபோல் ஓடலாம். சிறுநீர் வந்தால் அடக்க முடியாமல் போகலாம். கழுத்து வலி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வயசாச்சு, சர்க்கரை நரம்பைத் தின்னுருச்சு என்று வீடும் சொல்லும், சமயத்தில் மருத்துவமனையும் சொல்லும். இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில், அறிகுறி தொடங்கியதிலிருந்து நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தண்டுவடம் அவ்வளவு காலம் நெரிபட்டால், பிறகு அறுவை செய்தாலும் இழந்தது முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

இதற்கான முதல் சோதனைகளும் மேசையருகே நடப்பவைதான். விரல்களை முழுசாக மடக்கி விரித்து மடக்கி விரித்து 10 வினாடியில் எத்தனை முறை என்று எண்ண வேண்டும். 20-ஐத் தொடுவது இயல்பு. நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டால் கட்டைவிரல் தானாக மடங்குகிறதா? குதிகாலை மறு காலின் விரல்நுனியோடு ஒட்டி வைத்துப் பத்து அடி கோடு மாறாமல் நடக்க முடிகிறதா? முட்டியில் தட்டினால் கால் அளவுக்கு மீறித் துள்ளுகிறதா? இவற்றில் தப்பு தெரிந்தால் அங்கே எம்.ஆர்.ஐ. தேவை, அதுவும் சீக்கிரம் தேவை. கூடவே ரத்தத்தில் பி12 பார்த்துவிட வேண்டும். அந்தக் குறைபாடும் கிட்டத்தட்ட இதே வேடத்தில் வரும், அதற்கு மருந்து ஊசியிலேயே இருக்கிறது. தண்டுவட நெரிப்பு இருக்குமோ என்ற சந்தேகம் தீராதவரை கழுத்தை இழுக்கவோ முறிக்கவோ யாரிடமும் கொடுக்கக் கூடாது.

முறிப்பது என்றதும் சலூன் நினைவுக்கு வருகிறது. முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு வெட்டி நெட்டி எடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் பலருக்குச் சுகம். சுகமாக இருக்கலாம். ஆனால் அந்தத் திடீர் முறுக்கில் முன்னே சொன்ன தமனியின் உள்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, மூளைக்குப் போய் பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் இளவயதுக்காரர்களுக்கும் வருவது. முடி அலசுவதற்காகத் தலையைப் பின்னால் மடித்துத் தொட்டியில் நெடுநேரம் வைத்ததால் பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி 1993-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று எழுதியது. இதுவரை இல்லாத மாதிரிக் கழுத்து வலியோ பிடரி வலியோ வந்து, கூடவே தலைசுற்று, இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல், விழுங்க முடியாமை, ஒரு பக்கம் மரத்துப்போதல், நிற்கவே முடியாமை இவற்றில் ஏதாவது சேர்ந்தால் பட்டையும் இல்லை, படுக்கையும் இல்லை, நேரே 108. உறைவைக் கரைக்கும் ஊசி போட வழக்கமான கெடு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்.

விடாமல் மணிக்கணக்கில் சுற்றி வாந்தி எடுப்பவரிடம் மருத்துவர் செய்யும் ஒரு சோதனை பார்ப்பவர்களைக் குழப்பும். மூக்கைப் பார்க்கச் சொல்லித் தலையைச் சிறு அளவில் வெடுக்கென்று திருப்புவார். கண் பின்தங்கி, பிறகு துள்ளி வந்து மூக்கைப் பிடித்தால் காது நரம்புக் கோளாறு, ஆபத்து குறைவு. கண் கச்சிதமாக நிலைத்து நின்றால், விடாத தலைசுற்று உள்ளவருக்கு அதுதான் கவலை, ஏனென்றால் அப்போது காரணம் காதில் இல்லாமல் மூளையில் இருக்கலாம்.

வைத்தியம் பற்றிச் சுருக்கமாக. கழுத்துதான் காரணம் என்று முடிவானால் பிசியோதெரபி: மேல்கழுத்து மூட்டுகளை மெதுவாக இளக்குதல், முன்கழுத்தின் ஆழ்தசைகளுக்கு வலு, லேசர் பயிற்சி, கண்ணும் தலையும் சேர்ந்து அசையும் பயிற்சி. இதில் பலன் தெரிவதாக ஒழுங்காக நடந்த சில ஆய்வுகள் சொல்கின்றன. பட்டையை நெடுநாள் மாட்டிக்கொண்டால் தசை சோம்பிப் போகும். கெட்டுப்போன உணர்வு இன்னும் கெடும். தலைசுற்று மாத்திரைகளில் புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவை கடுமையான சுற்றுக்குச் சில நாள் கைகொடுக்கும். மாதக்கணக்கில் விழுங்கினால் மூளை தானாகத் தேறும் வேகம் குறையும். வயதானவர்களுக்கு நடுக்கமும் விறைப்புமாகப் பார்க்கின்சன் போன்ற நிலையே வரலாம். தள்ளாட்டத்துக்குப் போட்ட மாத்திரையே தள்ளாட்டத்தைக் கூட்டுவதை நம் வீடுகளில் யாரும் சந்தேகிப்பதில்லை. சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிக்கொண்டே இருக்கிறோம்.

காரணம் எதுவானாலும் அதுவரை விழாமல் இருக்க வேண்டும். செட்டிநாட்டு வீடு இதற்குக் கொஞ்சம் எதிரி. முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு, கிணற்றடி என்று நீண்டு கிடக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் உயரமான நிலைப்படி. தரை ஆத்தங்குடிக் கல்லில் வழுவழுப்பு, தூண் மறைவில் இருட்டு. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, எண்பது வயது அப்பத்தா ராத்திரி தனியாகப் பின்கட்டுக் கழிப்பறைக்கு நடக்கிறார். முட்டைவெள்ளை பூசிய சுவரில் ஆணி அடிக்க மனம் வராமல் கைப்பிடிக் கம்பி வைக்காத குடும்பங்கள் உண்டு. என் பார்வையில் சுவரைவிட இடுப்பெலும்பு பெரிது. முடியாதென்றால் முகப்பை ஒட்டிய அறையிலேயே படுக்கையும் கழிப்பறையும், நிலைப்படிகளில் இரவு விளக்கும் வைத்துவிடலாம். மருத்துவமனைக்குப் போய்வர முடியாதவர்களுக்கு, தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது எக்ஸ்ரே கவரோடு மூன்று விஷயங்களைக் கொண்டுபோனால் நல்லது. இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும். சுற்று வந்த நேரம், நின்ற நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வாரத்துக்கு எழுதிய தாள். மூன்றாவது, சுற்றும்போது அவருடைய கண்ணைக் கிட்டத்தில் செல்பேசியில் பிடித்த அரை நிமிட வீடியோ. டாக்டர் முன்னால் உட்காரும்போது எல்லாம் சரியாகிவிட்டிருக்கும். கருவிழி எந்தப் பக்கம் துள்ளியது என்பது அந்த வீடியோவில்தான் இருக்கும். இமையைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் எடுக்க வேண்டும்.